கறுப்பர் வரலாறும் திருகோணமலையும்: ஒரு விமர்சன நோக்கு

அமெரிக்காவிலே பெப்ரவரி மாதத்திலும் பிரித்தானியாவிலே ஒக்டோபர் மாதத்திலும் கறுப்பர் வரலாற்று மாதம் கொண்டாடப்பெறுகின்றது. காட்டர் வூட்சன் என்னும் கறுப்பின வரலாற்றாசிரியர் 1926இல் ஒரு வாரமாகத் தொடக்கிவைத்த இந்நிகழ்வு 1976இல் மாதமாக விரிந்தது. பிரித்தானியாவில் 1987 முதல் நடைபெற்று வருகின்றது. விழா எடுப்பது வூட்சனின் முதல் நோக்கமன்று. பாடநூல்களில் இடம் மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்தினுள் கொண்டுசெல்வதே அவர் கருதியது. அந்த நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டு நம்மை நாமே அளந்து பார்க்கும்போது, கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

கறுப்பர் வரலாறு என்றதும் அத்திலாந்திக் சமுத்திரமும் பருத்தித் தோட்டங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழ்வோருக்கோ அது அயல்வீட்டுச் செய்தி. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய கதையை இங்கு சிறுபிள்ளையும் அறியும். 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றியதையும், 1795இல் அது ஆங்கிலேயர் வசமானதையும் பரீட்சைக்காக மனனஞ் செய்துள்ளோம். ஆயின் இம்மூவரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் போர்வீரராகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்தனர் என்பது நம் மனத்திற் பதியவில்லை. ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் தமது படைக்கென மொசாம்பிக் நாட்டு அடிமைகளை விலைக்கு வாங்குவித்தார். 1803இல் கண்டிமீது நடந்த படையெடுப்பில் ஆபிரிக்கப் படையினரும் இருந்தனர். இவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல்களே புத்தளத்துச் சிராம்பியடியிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் காப்பிரியர் என்ற பெயரோடு வாழ்ந்து வந்துள்ளனர். திருகோணமலையில் அவர்கள் பறங்கியர் குடும்பங்களோடு மணவுறவு கொண்டு, கத்தோலிக்கராய், போர்த்துக்கேயக் கலப்புமொழியையும் தமிழையும் பேசுவோராய்க் கலந்துவிட்டனர்.

அப்பெயரைச் சிறிது ஆராய்தல் தகும். அரபு மொழியில் நம்பிக்கையற்றவரைக் குறித்த சொல், போர்த்துக்கேயர் வாய்ப்பட்டு ஆபிரிக்கரைக் குறித்து, நம்மிடையே காப்பிரி என வழங்கலாயிற்று. தென்னாபிரிக்காவில் அது கொடிய வசைச்சொல். இலங்கையிலோ அச்சமூகத்தார் பலர் அதனைத் தம் பெயராகவே ஏற்றுள்ளனர். அவர்களின் உரிமை அது. நாம் செய்தது வேறு. அதனைக் ‘காப்பிலி’ எனத் திரித்து, சுருண்ட மயிரும் கரிய மேனியும் உடைய நம் வீட்டுப் பிள்ளையைப் பழிக்கும் சொல்லாக்கிக்கொண்டோம். பத்திரகாளி அம்மனின் கரிய திருமேனியின் முன் கைகூப்பி நிற்கும் இந்நகரத்திலே, மணப்பெண்ணுக்கு மட்டும் வேறு நிறம் தேடுகின்றோம். (மணமக்கள் தேவை விளம்பரங்களை ஒருமுறை ஊன்றிப் படித்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) புலம்பெயர்ந்த நம்மவர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பெட்டியோடு கொண்டுசென்ற சொற்களுள் இதுவும் ஒன்று. அங்கு அவர்தம் பிள்ளைகள் பள்ளியிலே கறுப்பர் வரலாற்று மாதத்திற் பாடிவிட்டு, வீடு திரும்பி அச்சொல்லைக் கேட்கின்றனர்.

இவ்விடத்தில் அ. சிவானந்தனை நினையாதிருக்க இயலாது. 1958 இனக்கலவரத்தின் பின் இலங்கையை விட்டு நீங்கிய இத்தமிழர், இலண்டனில் இனவுறவுகள் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கி, தம்மைக் கறுப்பர் என்றே கூறிக்கொண்டார். அவருக்குக் கறுப்பு என்பது தோலின் நிறமன்று. ஒடுக்கப்பட்டோரைப் போராட்டத்தில் ஒன்றுசேர்க்கும் அரசியல் நிறம். 1997இல் வெளிவந்த அவரது ஆங்கில நாவலை நாம் பெருமையோடு பேசுகின்றோம். அவர் எடுத்துக்கொண்ட நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

நமது கலைவிழாக்களில் நடப்பதையும் நோக்குவோம். ‘கப்ரிஞ்ஞா’ என்னும் ஆடலின் பெயரிலேயே ஆபிரிக்கர் உள்ளனர். மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரின் திருமண வீடுகளில் வயலின் இசையோடு அது உயிர்ப்புடன் ஆடப்பட்டு வந்தது. சிராம்பியடியாரின் ‘மஞ்ஞா’ பாடல்களும் இத்தகையனவே. அன்றாடம் சிங்களம் பேசுகின்ற அவர்கள் முன்னோரின் கலப்புமொழியைப் பாட்டிலே பேணி வைத்துள்ளனர். இவை மேடைக்கு வரும்போது பத்து நிமிடப் பல்சுவை நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகின்றன. அறிவிப்பாளர் ஆபிரிக்க நடனம் என்பார். அவையோர் தாளம் போடுவர். ஆடியோரை எவரும் பேச அழைப்பதில்லை. ஆடத் தெரிந்தவருக்குச் சொல்வதற்கும் ஏதோ உண்டு என்று எண்ணாத மேடையை, அது எத்துணை அலங்காரமாயினும், இனநீதிக்கான மேடை எனக் கொள்ள இயலவில்லை.

இலக்கியத்திலும் நிலைமை இதுவே. மூதூர் வ. அ. இராசரத்தினம் ‘தோணி’ போன்ற கதைகளால் கொட்டியாரக் கரையின் மீனவரை ஈழத்து இலக்கியத்தினுள் கொண்டுவந்தார். கே. டானியல் யாழ்ப்பாணத்துப் பஞ்சமரைக் கொண்டுவந்தார். காப்பிரியர் ஒருவர் தமக்கென மனமும் சொல்லும் உடைய பாத்திரமாக வரும் தமிழ்க் கதையை நான் படித்ததில்லை.

இம்மௌனத்திற்கு அறியாமை மட்டுமே காரணமன்று என்பது என் துணிபு. அடிமைமுறை பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு நம் வாசலுக்கே வந்து சேரும். 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுக்கப்பட்ட தேசவழமையில், முதுசமும் சீதனமும் பேசப்படும் அதே நூலில், அடிமைகளுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. அவர்கள் மொசாம்பிக்கிலிருந்து வந்தோரல்லர். நம்மொழி பேசிய நம்மூரவர். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் நீக்கப்பட்டபோது, ஆபிரிக்கருக்கும் அவர்களுக்கும் ஒரே சட்டமே விடுதலை தந்தது. ஒரே சட்டத்தின் கீழ் விடுதலை பெற்ற இருசாராருள் ஒருவரைக் குடிமைகளாகவே நெடுங்காலம் நடத்தினோம். மற்றவரை மறந்தோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே பறங்கியருக்கும் மலாயருக்கும் தனி நிரல் உண்டு. காப்பிரியருக்கு இல்லை, அவர்கள் ‘ஏனையோர்’. இலிஸ்பனிலிருந்து வந்த மொழியியலாளர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் முதியோரிடம் அக்கலப்புமொழியை ஒலிப்பதிவு செய்து சென்றுள்ளனர். அவர்கள் கேட்டது மொழியை. பாட்டன் எந்தப் படையில் இருந்தார், பாட்டி எந்தக் குடும்பத்தில் மணந்தார், பள்ளியிலே பிற பிள்ளைகள் என்ன பெயர் சொல்லி அழைத்தனர் என்பனவற்றைத் தமிழிலே கேட்கலாம். தமிழிலேயே விடையும் கிடைக்கும். நம் தமிழ்த்துறை மாணவர் ஒருவருக்குத் திருகோணமலைப் பேருந்துக் கட்டணமும் ஒரு விடுமுறைக் காலமுமே அதற்கு வேண்டும்.