எண்ணின் குணமா, எழுத்தின் குணமா?

'எண் விந்தைகள்' என்ற தலைப்பில் பத்திரிகைகளில் வரும் துணுக்குகளை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு அதன் குணங்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். படிக்கச் சுவையானவைதாம். ஆனால் ஆழமான குணத்தையும் மேம்போக்கான குணத்தையும் ஒன்றாகவே காட்டிவிடுவது அவற்றின் பெருங்குறை.

4294967297 என்ற எண்ணைப் பாருங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 59. இதில் ஒரு பூச்சியம்கூட இல்லை. துணுக்கு எழுத இவை போதும்! ஆனால் இதே எண்ணை இரண்டை அடிமானமாகக் கொண்ட முறையில் எழுதினால், முதலில் ஒரு 1, நடுவே 31 பூச்சியங்கள், கடைசியில் ஒரு 1. இலக்கங்களின் கூட்டுத்தொகை 2. அந்த 59 எங்கே போயிற்று? அது எண்ணின் குணமன்று. நாம் எழுதும் முறையின் குணம்.

எம்முறையில் எழுதினாலும் மாறாத குணம் ஒன்று உண்டு. 2இன் 32ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் இந்த எண் வரும். இதே அமைப்பில் இதற்கு முன் உள்ளவை 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். ஆகவே இவ்வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள் என்று 1640இல் ஃபெர்மா கருதினார். 1732இல் ஆய்லர் அதைப் பொய்யாக்கினார்: 4294967297 = 641 × 6700417. பெருக்கிச் சரிபாருங்கள்.

641 குருட்டாம்போக்கில் கிடைப்பதன்று. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும், 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று ஆய்லர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது சோதனையிலேயே விடை!

இதனால் என்ன பயன் என்பீர்கள். 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என 1796இல் காஸ் கண்டார். 17 இவ்வரிசையில் உள்ள பகா எண் என்பதே காரணம். நம் எண் பகா எண்ணாக இருந்திருந்தால், அத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணத்தையும் கொள்கையளவில் வரையலாம். 641 அந்த வாய்ப்பை மூடிவிட்டது. 59ஆல் இப்படி ஏதாவது நிகழ்ந்ததா?

இலக்க விளையாட்டே கூடாது என்பதல்ல நம் வாதம். அது பலரைக் கணிதத்தின் வாசல்வரை அழைத்து வருகிறது. ஆனால் வாசலையே வீடு என்று காட்டலாமா? அடுத்த முறை ஒரு விந்தையைப் படித்தால், அந்த எண்ணை வேறு அடிமானத்தில் எழுதிப் பாருங்கள். அப்போதும் நிற்பதே எண்ணின் சொந்தக் குணம்.