‘கிளியர்’ பண்ணியது யார்?

ஜொகூர் தோட்டங்களைப் பற்றி இப்போது வரும் கதைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி தட்டுப்படுகிறது: “எஸ்டேட்ட கிளியர் பண்ணிட்டாங்க.” பேச்சில் சரிதான், நம்ம வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் கடனை அடைத்தாலும் மேசையை ஒதுக்கினாலும் இதே ‘கிளியர்’தான். லாலாங் புல்லுக்கும் லயத்துச் சனங்களுக்கும் ஒரே சொல் போதுமா?

1987 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 100க்கும் மேற்பட்டோரை விசாரணையின்றிப் பிடித்து வைத்தார்கள். அந்த நடவடிக்கைக்குப் பெயரே ‘ஓப்பராசி லாலாங்’. சொல்லில் மனிதரைக் களையாக்கிவிட்டால் பிடுங்குவது சுலபம்.

கதையில் வரும் தாத்தா ‘கிளியர்’ என்று சொல்லட்டும், அது அவர் பேச்சு. கதைசொல்லியும் அதையே சொன்னால் குற்றவாளி தப்பிவிடுகிறார். லயத்தைக் காலி பண்ணச் சொன்னது யார்? அந்தக் குடும்பங்கள் எங்கே போயின? அதை எழுதுங்கள்.