சந்தாவா, வாடகையா?

‘சந்தா’ என்பது தமிழ்ச்சொல் அன்று. இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து தங்கிவிட்ட சொல். பலர் கூடி, ஒரு பொதுக் காரியத்துக்காக, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும் பணம் என்பதே அதன் பழம்பொருள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் நிறுவிய சங்கங்களும் படிப்பகங்களும் பள்ளிகளும் இத்தகைய சந்தாவினால் வளர்ந்தவை. ஒருவர் சந்தா கட்டி வரவழைத்த பத்திரிகையைப் பத்துப்பேர் படித்தனர். படிக்கத் தெரியாதவர் அருகில் அமர்ந்து கேட்டனர். கொடுத்தவர் ஒருவர், பயன் பெற்றவர் பலர். அதுவே அச்சொல்லுக்கு அழகு.

இன்று அதே சொல்லை வேறோர் இடத்தில் வழங்குகிறோம். விளையாட்டுப் போட்டிகளை வீட்டிலிருந்தபடியே நேரலையாகக் காண்பதற்காகக் கட்டணத் தொலைக்காட்சிக்கும் இணைய ஒளிபரப்புக்கும் மாதந்தோறும் செலுத்தும் தொகையையும் சந்தா என்றே சொல்லுகிறோம். இப்பெயர் பொருந்துமா? பொருந்தாது என்பதும், பெயரின் பழைய மதிப்பு புதிய பொருளின் குறையை மறைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பொதுப்பணமும் தனிப்பணமும்

சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963-இல். அந்நாளில் வீட்டுக்கு வீடு பெட்டி இல்லை. சமூக நிலையங்களில் வைத்த பெட்டிகளின் முன்னே மக்கள் கூடிப் பார்த்தனர். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் பெட்டி வந்தது. அதற்கு உரிமக் கட்டணமும் இருந்தது. அக்கட்டணம் 2011-இல் நீக்கப்பட்டபோது ஓராண்டுக்கு 110 வெள்ளியாக இருந்தது. செய்தி, நாடகம், கல்வி, விளையாட்டு ஆகிய அனைத்தையும் தாங்கிய பொது ஒளிபரப்புக்கு ஒரு குடும்பம் தந்த பங்கு அது. அதனைச் சந்தா என்று சொன்னால் ஒருவாறு பொருந்தும்.

அடுத்து நடந்ததைக் காண்போம். 2014-இல் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியை முழுவதும் காணச் சிங்கப்பூரில் கேட்கப்பட்ட வழக்கமான கட்டணம், வரியோடு சேர்த்து 112.35 வெள்ளி. ஓராண்டுக் காட்சிகளுக்கு உரிமக் கட்டணமாகத் தந்த தொகையைவிட மிகுதியாக ஒரு மாதத்துக் காற்பந்துக்குத் தர நேர்ந்தது. 64 ஆட்டங்களில் இலவசமாகக் காட்டப்பட்டவை தொடக்க ஆட்டம், அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று ஆக நான்கே. 2022-இல் இலவச ஆட்டங்கள் ஒன்பது ஆயின; வழக்கமான கட்டணமோ 118 வெள்ளி ஆயிற்று.

போட்டியால் விலை குறைந்ததா?

‘வணிகர்கள் போட்டியிட்டால் விலை இறங்கும்’ என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். அரிசிக் கடைகள் இரண்டானால் அது நடக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆட்டம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதனைக் காட்டும் தனியுரிமையை ஏலத்தில் விடும்போது, போட்டி விலையை ஏற்றுமேயன்றி இறக்காது. ஏற்றிய விலையை வென்றவர் யாரிடம் வசூலிப்பார்? காண்பவரிடந்தான்.

சிங்கப்பூர் இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்துப் பிரிமியர் லீக் காற்பந்தைக் காட்டும் உரிமையை 2009-இல் ஸ்டார்ஹப் நிறுவனத்திடமிருந்து சிங்டெல் வென்றெடுத்தது. ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் வைக்கும் நிலை உண்டாயிற்று. இதனைக் கண்ட ஊடக மேம்பாட்டு ஆணையம், ஒருவர் தனியுரிமையாகப் பெற்ற நிகழ்ச்சியை மற்றவரின் பெட்டியிலும் காண வழிவிட வேண்டும் என 2010-இல் விதி செய்தது. 2013-இல் அவ்விதி பிரிமியர் லீகுக்கும் செல்லும் என்று முடிவாயிற்று. இரண்டாம் பெட்டியின் தொல்லை தீர்ந்தது; உண்மை. ஆனால் அவ்வாண்டில் அக்காற்பந்தை மட்டும் தனியே பெற மாதம் 59.90 வெள்ளி கேட்கப்பட்டது. விதி பெட்டியைப் பொதுவாக்கியது, விலையைத் தொடவில்லை. 2022-இல் உரிமை மீண்டும் ஸ்டார்ஹப்பிடம் ஆறு பருவங்களுக்குச் சென்றது. கை மாறியது, முறை மாறவில்லை.

இலவசம் என்ற தூண்டில்

இந்தியாவில் நடந்ததும் நாம் கருதத் தக்கதே. ஏனெனில், நம் வீடுகளில் தமிழ் வருணனையோடு விரும்பிப் பார்க்கும் ஐ.பி.எல். கிரிக்கெட் அங்கிருந்து வருவது. 2023 முதல் 2027 வரைக்குமான அதன் ஒளிபரப்பு உரிமைகள் 2022-இல் சுமார் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயின. 2023-இலும் 2024-இலும் ஜியோசினிமா அதனை அந்நாட்டு மக்களுக்கு இணையத்தில் இலவசமாகவே காட்டியது. 2025-இல் அந்நிறுவனம் ஹாட்ஸ்டாருடன் இணைந்தது. சிறிது நேரம் இலவசம், பின்னர்க் கட்டணம் என்றாயிற்று. ஆட்டமும் அதுவே, வருணனையும் அதுவே. பழக்கம் உண்டாகும்வரை இலவசம். பழகிய பின்னர் விலை.

மறுப்பும் விடையும்

‘ஆடுவோருக்கு ஊதியம் வேண்டாவா? படம் பிடிப்போர் பட்டினி கிடப்பதா? விரும்பியவர் கட்டட்டும், விரும்பாதவர் விடட்டும்’ என்று சிலர் கேட்பர். உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கட்டணமே கூடாது என்பதும் நம் வாதம் அன்று. ஆனால் ஆட்டத்தின் மதிப்பை ஆடுவோர் மட்டுமா உண்டாக்குகின்றனர்?

கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவும் களத்தைக் காண்கிறோம். அங்கே காளையும் காளையரும் மட்டும் இல்லை. பரண்மீது நின்று காணும் மகளிரும் உளர். காண்போர் இல்லையேல் அது வெறும் பயிற்சி. காண்போர் கூடினால் அது விழா. இன்றைய வணிகரும் இதனை அறிவர். 2020-இல் நோய்த்தொற்றினால் இங்கிலாந்தின் காற்பந்துத் திடல்கள் வெறிச்சோடிக் கிடந்தபோது, ஒளிபரப்பினர் செயற்கையாகக் கூட்டத்தின் ஆரவாரத்தைச் சேர்த்து ஒலிக்கச் செய்தனர். மக்களின் குரல் இல்லாத ஆட்டம் சுவைக்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? மக்கள் உண்டாக்கிய மதிப்பில் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கைக் கேட்பது இரவல் கேட்பது ஆகாது.

இக்கருத்தைச் சட்டமாக்கிய நாடுகளும் உள. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டத்தின்கீழ் ஒலிம்பிக், உலகக் கிண்ணக் காற்பந்து முதலிய பெருநிகழ்ச்சிகள் பட்டியலிடப்பட்டுப் பொது ஒளிபரப்புக்கென்று காக்கப்படுகின்றன. இணைய ஒளிபரப்பு அவ்வேலியைத் தாண்டிவிடும் என்று கண்டு, 2024-இல் வேறொரு சட்டத்தால் அவ்வழியையும் அடைத்தனர். காலம் மாறினால் வேலியையும் மாற்ற வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

திருட்டுப் பெட்டிகளை வாங்கிக் காண்பது இதற்கு மருந்து அன்று. சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அவற்றை விற்போரைத் தண்டிக்கிறது. அறமும் அதனை ஏற்காது.

செய்யத் தக்கவை

முதலாவது, இலவச ஆட்டங்களின் பட்டியல் விரிய வேண்டும். இறுதி ஆட்டத்தை மட்டும் காட்டுவது, காப்பியத்தின் கடைசிக் காதையை மட்டும் படிக்கக் கொடுப்பது போன்றது. இரண்டாவது, சங்கங்களுக்கும் படிப்பகங்களுக்கும் எளிய கட்டணம் ஒன்று வேண்டும். வீட்டுக்கென்று பெற்ற இணைப்பைச் சங்க மண்டபத்தில் பலர் காண வைக்க இன்று உரிமை இல்லை; அதற்கு வணிக இணைப்பு வேண்டும். பத்துப்பேர் சேர்ந்து படிக்கக் கூடாது என்று எந்தப் பத்திரிகையும் சொன்னதில்லை. மூன்றாவது, உலகக் கிண்ணக் காலங்களில் சமூக மன்றங்கள் ஆட்டங்களைக் காட்டிய நல்வழக்கம் பிற போட்டிகளுக்கும் பரவ வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். வகுப்பில் ஒருநாள் கொடை, வரி, வாடகை, கட்டணம், சந்தா என்னும் ஐந்து சொற்களையும் பலகையில் எழுதி வேறுபாடு கேளுங்கள். முதல்நாள் ஆட்டத்தைப் பார்த்த மாணவனும், வீட்டில் வசதியின்மையால் பார்க்காத மாணவனும் அவ்வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள். பணம் நின்ற மறுநாளே திரை இருண்டுவிடுமாயின், பிறரோடு பகிரவும் கூடாதாயின், அதற்கு வாடகை என்று பெயர். வாடகை கேட்பவர் கேட்கட்டும். அதனை வாடகை என்றே கேட்கட்டும். சந்தா என்று கேட்பவர், அச்சொல்லுக்குரிய பொதுப்பயனையும் சேர்த்தே தரக் கடமைப்பட்டவர்.