‘லூட்’: சொல்வரலாறும் சான்றின் எல்லையும்

போர்க்காலக் கொள்ளையைக் குறிக்கும் ‘லூட்’ என்னும் ஆங்கிலச் சொல் இந்தியிலிருந்து சென்றது. கவர்தல் எனப் பொருள்படும் ‘லுண்ட்’ என்ற வடமொழி வினையடியோடு இந்திச் சொல்லைத் தொடர்புபடுத்துவர். வில்லியம் டால்ரிம்பிள் தம் ‘தி அனார்க்கி’ (2019) நூலை இச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறார். ஆங்கிலத்தில் முதன்முதலாக நுழைந்த இந்தியச் சொற்களுள் இதுவும் ஒன்று என்பதும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் இது திடீரெனப் பொதுவழக்காயிற்று என்பதும் அவர் கருத்து. இவ்விரண்டும் மறுஆய்வுக்குரியன.

முதற்கருத்து காலவரிசைக்குப் பொருந்தவில்லை. ‘லூட்’ என்பதற்கு அகராதிகள் காட்டும் தொடக்கச் சான்று 1788ஆம் ஆண்டினது. கள்ளிக்கோட்டையின் பெயரால் அமைந்த ‘காலிகோ’ என்னும் துணிப்பெயரோ பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. தமிழ்க் ‘கட்டுமரம்’ 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூலில் இடம்பெற்றுள்ளது. வணிகமும் கடற்பயணமும் தந்த சொற்கள் ‘லூட்’டிற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பே சென்றுவிட்டன.

இரண்டாம் கருத்தை யூல், பர்னல் ஆகியோர் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ (1886) மறுக்கிறது. 1841ஆம் ஆண்டுச் சீனப்போர், கிரிமியப் போர், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஆகியவற்றினூடே இச்சொல் படிப்படியாக இங்கிலாந்தில் ஏற்கப்பட்டதாக அந்நூல் குறிக்கிறது.

இக்காலப் பிழை கம்பெனியின் சுரண்டலை இல்லையாக்காது. ஆனால் சொல்லின் வயதைச் சான்றாக்கும்போது உண்மையான சான்று பார்வையிலிருந்து மறைகிறது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் நகரைச் சூறையாடியோருள் நால்வரை ஆர்தர் வெல்லெஸ்லி தூக்கிலிட்டார். அதே நகரில் திப்புவின் அரியணையைப் படையின் முகவர்கள் உடைத்துப் பங்கிட்டனர். இப்பங்கீட்டிற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘பிரைஸ்’. அது முறைப்படியான போர்ப்பரிசாகக் கருதப்பட்டது. அனுமதியின்றி எடுத்தது குற்றமாயிற்று. அனுமதியோடு எடுத்தது உரிமையாயிற்று.

ஆகவே, ‘லூட்’ என்பதை மட்டும் தேடும் ஆய்வு, ஆவணங்களில் ‘பிரைஸ்’ என்ற பெயரில் பதிவான பெருங்கொள்ளையைத் தவறவிடும். மொழிபெயர்ப்பிலும் இவ்வேறுபாடு காக்கப்பட வேண்டும். இரண்டையும் ‘கொள்ளை’ என்றே பெயர்த்தால் அவ்வாட்சியின் சட்டமொழி செய்த வேலை தமிழ் வாசகருக்குப் புலப்படாது. கவர்ந்த ஆநிரையைப் பங்கிடுதலைப் ‘பாதீடு’ எனத் தனித்துறையாகவே தொல்காப்பியம் வெட்சியுள் வைத்துள்ளது. பறித்தலையும் பங்கிடலையும் வேறுபடுத்திக் கூறும் சொல்வளம் தமிழுக்குப் புதிதன்று.