ஒன்றுக்கு நானூற்றெண்பது

ப்ராக் நகர ம்யூசியத்தின் சேகரிப்பில் ஒரு காகித நகரம் இருக்கிறது. அன்டோனின் லாங்வைல் என்ற நூலகப் பணியாளர் 1826லிருந்து 1837ல் இறக்கும்வரை, வேலை போக மிஞ்சிய நேரத்தில் செய்தது. 2000க்கும் மேற்பட்ட கட்டிடங்கள். சுமார் 20 சதுர மீட்டர் பரப்பு. அட்டையும் மரமும், வீடுகளின் முகப்புகள் காகிதத்தில் பேனாவால் வரைந்து வர்ணம் தீட்டப்பட்டவை. இதை நான் போட்டோக்களில்தான் பார்த்திருக்கிறேன். இருந்தும், சமீப வருஷங்களில் நான் படித்த நாவல்கள் பலவற்றை விட இந்த அட்டை நகரம் என்னை அதிகம் தொந்தரவு செய்திருக்கிறது. அதற்கான காரணத்தை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளும் முயற்சி இது.

இதைக் கலை என்று சொல்லலாமா என்பது முதல் கேள்வி. 'கைவேலை' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். இருப்பதை இருப்பதுபோலவே செய்வதில் சிருஷ்டி எங்கே இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நம் விமர்சனத்தில் வேரூன்றியது. 'போட்டோ யதார்த்தம்' என்ற வசைச்சொல்லை ஒரு காலத்தில் நானும் தாராளமாக உபயோகித்தவன்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் அனுமானம் பதுங்கியிருக்கிறது: இருப்பது இன்னதென்று நமக்கு ஏற்கெனவே தெரியும், அதைத் திரும்பச் செய்வது வெறும் உழைப்பு. லாங்வைலின் மாதிரி இந்த அனுமானத்தின் மேல்தான் கைவைக்கிறது. தன் ஊரில் இருப்பது இன்னதென்று தெரிந்துகொள்ள அவருக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. அப்போதும் முடியவில்லை, ஆற்றின் இரு கரைகளிலும் பழைய பகுதிகள் உருவாகிவிட்டன, புது நகரம் என்று சொல்லப்படும் பகுதி செய்யப்படாமலே நின்றுவிட்டது.

அவர் எடுத்துக்கொண்ட அளவு 1:480. இந்த எண்ணின் முன் சற்று நிற்க வேண்டும். 12 மீட்டர் உயரமுள்ள ஒரு வீடு இரண்டரை சென்டிமீட்டராகிறது. நான்கு மீட்டர் அகலச் சந்து எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆளுயர ஜன்னல் ஒன்று மூன்றரை மில்லிமீட்டர், அதாவது அரை அரிசி. லித்தோ அச்சும் நுண்சித்திரமும் பழகிய கை அவருடையது. அந்தக் கை அரை அரிசிக்குள் ஜன்னல் சட்டங்களைப் போட்டிருக்கிறது. சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி உடைந்திருந்தால், உடைந்த கண்ணாடியையும் போட்டிருக்கிறது. சுவரில் சாத்திய ஏணி, முற்றத்தில் அடுக்கிய மரம், வாசலுக்கு மேல் வீட்டின் அடையாளச் சின்னம் என்று எதையும் விட்டுவிட அதற்கு மனம் வரவில்லை.

என்னை நிறுத்தியது அந்த உடைந்த கண்ணாடிதான். இன்று உலகெங்கும் பொழுதுபோக்காகப் பழைய தெருக்களின் மாதிரிகளைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரயில் மாதிரிகளுக்கான 1:87 அளவில், பொம்மை வீடுகளுக்கான 1:12 அளவில். அவர்களுடைய தேர்ச்சி சாமான்யமானதல்ல. நீர்க்கக் கரைத்த கறுப்பு வர்ணத்தைச் சுவரில் ஓடவிட்டுத் துடைத்தால் அது இடுக்குகளில் தங்கி நூறு வருஷத்து அழுக்காகிவிடும். செம்பழுப்புத் தூளைத் தேய்த்தால் துரு. உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் தொட்டால் தேய்மானம். ஆனால் இந்த அழுக்கு எல்லா வீட்டிலும் ஒரே அழுக்கு. எந்த வீட்டுக்கும் அது சொந்தமில்லை. 'பழமை' என்ற பொதுக்குணத்தை மேலே பூசியிருக்கிறார்கள். பார்க்கிறவன் உடனே உருகிவிடுகிறான், ஏனென்றால் உருகுவதற்காகவே அது பூசப்பட்டிருக்கிறது. லாங்வைலின் உடைந்த கண்ணாடி எந்த உணர்ச்சியையும் நம்மிடம் கோருவதில்லை. இந்த வீட்டில், இந்த ஜன்னலில், கண்ணாடி உடைந்திருந்தது. அவ்வளவே.

நம் கதைகளில் வரும் பழைய தெருக்களை எடுத்துக்கொள்ளலாம். திண்ணை, தூண், ஊஞ்சல், வெற்றிலைச் செல்லம், மார்கழிக் கோலம். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் தூரிகையால் பூசிய உண்மை. எந்தத் தெருவின் மேலும் பூசலாம். ஏழ்மையைப் பற்றிய கதைகளிலும் இதே பூச்சுதான், வர்ணம் வேறு. ஒழுகும் கூரையும் அணைந்த அடுப்பும் எந்த ஒரு குடிசைக்கும் சொந்தமில்லாமல் கதைக்குக் கதை அலைந்துகொண்டிருக்கின்றன. குறிப்பிட்ட ஜன்னலின் குறிப்பிட்ட உடைப்பு வேண்டுமென்றால் அந்த வாசலுக்கு நடந்து போக வேண்டும். நாம் போவதில்லை. நமக்கு ஞாபகம் போதுமானதாக இருக்கிறது.

இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் என் பால்யகாலத் தெருவின் ஒரு வரிசையை, ஒன்பது வீடுகளை, 1:50 அளவில் செய்ய ஆரம்பித்தேன். அந்த வீடுகள் இப்போது இல்லை. அட்டை, பால்சா மரம், தூண்களுக்குத் தென்னங்குச்சி, ஒட்டுவதற்கு ஃபெவிகால். ஓட்டுக்கூரைக்கு நெளியட்டையின் மேல்தாளை உரித்துச் செங்காவி அடித்தேன். ஒரு வீடு 12 சென்டிமீட்டர் அகலம் வந்தது. ஒன்பதும் சேர்ந்து ஒரு நீளப் பலகையில் அடங்கிவிட்டன. திண்ணைகளுக்கு மட்டும் இரண்டு மாதம் செலவிட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது கண் கலங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அத்தை வந்து பார்த்தாள். அந்தத் தெருவில் எனக்கு முப்பது வருஷம் முன்பே பிறந்தவள். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, கொல்லைக்குப் பின்னால சந்து உண்டே, அது எங்க?" என்றாள்.

என் பலகை கொல்லைச் சுவரோடு முடிந்திருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு சந்து ஓடியது. எடுப்புக் கக்கூஸ் காலம். மலம் அள்ளுகிறவர்கள் வந்து போவதற்கான வழி அது. தெருவழியாக அவர்கள் வரக்கூடாது. சுவரின் அடியில் வீட்டுக்கொரு சதுரத் திறப்பு இருந்தது. அந்தச் சந்தை நான் மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. சொன்னவுடன் எல்லாம், வாசனை உட்பட, நினைவுக்கு வந்துவிட்டது. பலகையை அளந்து அறுக்கும்போது மட்டும் அது இல்லாமல் போயிருந்தது. ஆக, நான் செய்தது அளவு மாதிரியே அல்ல. திண்ணைக்கு ஒரு விகிதம், சந்துக்குப் பூஜ்யம். ஏக்கத்தின் கணக்கு இப்படித்தான் போகும். தனக்குப் பிரியமானதைப் பெரிதாக்கும், தன்னைக் கூச வைப்பதைப் பலகைக்கு வெளியே தள்ளிவிடும்.

அளவு விகிதம் என்பதைத் தொழில்நுட்ப சமாசாரமாக நினைத்துக்கொண்டிருந்தது என் பிழை. ஓர் எண்ணைத் தேர்ந்த பிறகு எல்லாவற்றையும் அதே எண்ணால் வகுக்க வேண்டும் என்பது ஒரு நிர்த்தாட்சண்யமான ஒழுக்கம். லாங்வைலின் மாதிரியில் ஆற்றுக்கு இக்கரையில் யூதர்களின் பேட்டை இருக்கிறது. பிற்பாடு யோசெஃபோவ் என்று பெயர் பெற்றது. அவர் காலத்தில் யூதர்கள் அதற்குள்தான் வசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் நீங்கியிருக்கவில்லை. நெருக்கியடித்த வீடுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கூரைகள், கோணல் சந்துகள். அக்கரை மேட்டில் அரச மாளிகை. அதுவும் 1:480, இதுவும் 1:480. ஒட்டுப்போட்ட கூரைக்கும் அரண்மனை ஜன்னலுக்கும் ஒரே பேனா, ஒரே பொறுமை. யூதர்கள் மேல் அவருக்குப் பரிவு இருந்ததா என்ற கேள்வி இங்கே அவசியமில்லை. பரிவு இருந்திருந்தால் ஒருவேளை மிகைப்படுத்தியிருப்பார். எண் அவரை எந்தப் பக்கமும் சாயவிடவில்லை.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் மறைந்துபோன நகரத்தைச் செய்யவில்லை. 1826ல் ப்ராகில் காட்சிக்கு வந்த பாரிஸ் நகரத்து பிளாஸ்டர் மாதிரி ஒன்றுதான் அவருக்குத் தூண்டுதல். அதைச் சரிபார்க்கப் பார்வையாளனுக்கு பாரிஸ் பக்கத்தில் இல்லை. லாங்வைலுடைய நகரமோ அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அவர் மாதிரியின் முன் வந்து நிற்கும் ப்ராக்வாசி முதலில் தேடக்கூடியது தன் சொந்த வீட்டை. ஜன்னல் எண்ணிக்கை தவறியிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவான். மறுக்கப்படக்கூடிய இடத்தில் நின்று அவர் வேலை செய்தார். நாம் வீடு இடிந்த பிறகுதான் தெருவை எழுத உட்காருகிறோம். மறுப்பதற்கு அத்தை ஒருத்தி மிஞ்சியிருந்தால் அது அதிர்ஷ்டம். அந்தச் சந்துவழி வந்து போனவர்களில் ஒருவர் என் மாதிரியைப் பார்த்திருந்தால் இரண்டு மாதத் திண்ணைகளைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

1893ல் வந்த சட்டம் ஒன்றின் பேரில், சுகாதாரத்தின் பெயரால், யோசெஃபோவின் பெரும்பகுதி அடுத்த வருஷங்களில் தரைமட்டமாக்கப்பட்டது. பழைய கல்லறையும் நகர மன்றமும் சில தொழுகைக் கூடங்களும் தப்பின. சந்துகளைத் துடைத்துவிட்டுப் போட்ட அகன்ற வீதிக்கு இன்று பாரிஸ் வீதி என்று பெயர். காஃப்கா 1883ல் பிறந்த வீடு அந்தப் பேட்டையின் விளிம்பில் இருந்தது. 1897ல் அது தீக்கிரையாகி, வாசல் மட்டும் இன்றைய கட்டிடத்தில் மிஞ்சியிருக்கிறது. லாங்வைல் அந்த இடத்தைச் செய்தது காஃப்கா பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னால். இன்று அங்கே போகிறவர்கள் தேடும் வீட்டுக்கு அவருடைய அட்டை நகரத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த அதே கவனம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த மாதிரியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த எந்தப் போட்டோவிலும் மனிதன் இல்லை. 1:480ல் மனிதன் மூன்றரை மில்லிமீட்டர். உடைந்த கண்ணாடியை வரைந்த கைக்கு அது சிரமமே அல்ல. ஆனால் மனிதன் நின்ற இடத்தில் நிற்பதில்லை, அவனை அளக்க முடியாது. அளக்க முடியாததை லாங்வைல் செய்யவில்லை. இதுவும் நேர்மைதான் என்று வாதிக்கலாம். நான் வாதிக்கத் தயாரில்லை. ஜன்னல்களுக்குப் பின்னால் அறை இல்லை, அறையில் ஆள் இல்லை. முகப்புகளை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் அவற்றுக்குப் பின்னால் வாழ்ந்தவர்களைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. விகிதம் நியாயம் வழங்கும், வீடுகளுக்கு மட்டும்.

அதே பேட்டையில், இடிக்கப்படாமல் தப்பியவற்றில் ஒன்று பின்காஸ் தொழுகைக் கூடம். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹிமிய, மொராவிய யூதர்கள் 78,000 பேருக்கு அருகில், அவர்களுடைய பெயர்கள் அதன் உட்சுவர்களில் எழுதப்பட்டிருக்கின்றன. 1950களில் ஓவியர்கள் இருவர் கையால் எழுதினார்கள். 1968க்குப் பிறகு கூடம் மூடப்பட்டது, எழுத்துக்கள் அழிந்தன. 1990களில் மறுபடியும் கையாலேயே எழுதப்பட்டன. பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி. பெயரைச் சிறிதாக்க முடியாது. எந்த அளவில் எழுதினாலும் ஒன்றுக்கு ஒன்றுதான். லாங்வைல் செய்யாமல் விட்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும், அவர் செய்த அதே பேட்டையின் சுவரில், இப்படி வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு தெருவைச் செய்வது என்றால் என்ன என்பது எனக்கு ஓரளவு பிடிபடுகிறது. வீடுகளுக்கு ஒரே எண் வேண்டும். மனிதர்களுக்குப் பெயர் வேண்டும்.

என் பலகையோடு இன்னொரு பலகையை ஒட்டி, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் சந்தைச் செய்துவிட்டேன். ஒன்பது சதுரத் திறப்புகளையும் சுவரில் வெட்டியாகிவிட்டது. திண்ணைகள் முன்போல் இப்போது என் கண்ணை இழுப்பதில்லை. சந்தில் வந்தவர்களின் பெயரைச் சந்தின் சுவரில் எழுதலாம் என்று எண்ணி அத்தையிடம் கேட்டேன். முப்பது வருஷம் தினமும் வந்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருத்தி நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருப்பாள் என்பது ஞாபகம் இருக்கிறது. பெயரை அவள் கேட்டதில்லை.