தீபத்தடியில் மூன்று நினைவு நாள்

டிசம்பர் 8, 11, 13. காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், மேடையில் வாசித்துக்கொண்டிருந்த மெட்டல் கிதார் கலைஞர் டைம்பேக் டேரல் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 38. மூன்று நாள் கழித்துச் சென்னையில் எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்தார், 88 வயதில். ‘டெத்’ என்ற மெட்டல் குழுவின் சக் ஷுல்டினர் மூளைக்கட்டியால் இறந்தது 2001 டிசம்பர் 13. அவருக்கு 34தான்.

2025-ல் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் டிசம்பர் 3. மலையுச்சியில் 11 நாள் எரியுமே, அந்தக் கணக்கில் மூன்று நாள்களும் சுடருக்குள் அடங்கிவிட்டன. மலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில் மொட்டை மாடிக்கு ஏறினால் போதும், தீபம் கண்ணெதிரே. எல்லா வருஷமும் இப்படி அமையாது. தீப நாள் நகரும், அவர்கள் தேதி நகராது.

அந்த நாள்களில் கேட்க ஒருவருக்கு ஒரே உருப்படி, அதுவும் முழுசாக. ஐந்து பாட்டை அரைகுறையாக ஓடவிடுவதற்குச் சும்மா இருக்கலாம்.

எம்.எஸ். என்றதும் சுப்ரபாதம் போடுவார்கள். நான் சொல்வது காம்போதியில் தியாகராஜரின் ‘ஓ ரங்கசாயி’. அரை மணி நேரம் ஒதுக்கி, தொடையில் தாளம் போட்டபடி கேளுங்கள். நிரவலில் ஒரே வரி சுற்றிச் சுற்றி வரும். சொற்கள் தாளத்தில் தங்கள் இடத்தை விட்டு அதிகம் பெயராது. ராகம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் விரியும். வரி எங்கே திரும்பும் என்று உங்கள் கைக்குத் தெரியும். எப்படித் திரும்பும் என்று தெரியாது. அந்தத் தவிப்புதான் ருசி.

மெட்டலில் ‘ரிஃப்’ என்ற துணுக்கும் இப்படிச் சுற்றி வரும். ஆனால் அது கல்போல நிற்க, டிரம்ஸும் குரலும் அதைச் சுற்றி மாறும். டைம்பேக்குக்கு, பான்டெரா குழுவின் ‘செமட்டரி கேட்ஸ்’ (1990). கடைசியில் பாடகரின் குரல் உச்சிக்கு ஏற ஏற, கிதார் விடாமல் பின்தொடரும். கம்பியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கைப்பிடியால் அவர் சுரத்தை வழுக்கவிடுகிறார். பாடகரைத் துரத்தும் வயலினை அறிந்த காதுக்கு இது புதுசே இல்லை. கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் மஞ்சள்-கறுப்புக் கிதாரையே டைம்பேக்கின் சவப்பெட்டியில் வைத்தார். சொந்தப் பணத்தில் தியாகராஜர் சமாதியைக் கோயிலாக்கி, தானும் அங்கேயே அடங்கிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் பித்துக்கு இது உறவுமுறை.

உறுமல் குரல் கேட்டாலே ஓடுகிறவர்கள் சக்கின் ‘வாய்ஸ் ஆஃப் தி சோல்’ (1998) கேட்கலாம். பாட்டே கிடையாது, கிதார்கள் மட்டும். கர்னாடகக் காதுக்கு மெட்டலில் இதைவிட நல்ல வாசல் நான் பார்த்ததில்லை. பிடித்துப்போனால் மறுநாள் அதே ஆல்பத்தின் உறுமலுக்கும் போங்கள். ஹெட்போனில்தான். பக்கத்து வீட்டில் ருத்ரம் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் ஊர்க் கடன் ஒன்று பாக்கி. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில் மறைந்தது தீபாவளி நாளில். அண்ணாமலையார்மேல் அவர் செய்த ‘அருணாசலநாதம்’ சாரங்க ராகத்தில் இருக்கிறது. வரும் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், முதல் வெடிக்கு முன்னால் அதைப் போடுங்கள்.