ஆளில்லாத கரை என்பது யாருடைய சொல்?

தீவு, நீலம், தனிமை, ஆளரவமற்ற மணல். தனுஷ்கோடியை நம் பயணக்கட்டுரைகளும் கவிதைகளும் இப்படித்தான் கட்டமைத்திருக்கின்றன. வடசேரி பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறியபோது என் பையிலும் இதே சொற்கள்தாம். பத்து வருஷத்துக்கு முன், போகாமலேயே, ‘யாருமற்ற கரை’ என்று கவிதை எழுதியவன் நான். ஆகவே இது சுயவிமர்சனமும்கூட.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், ரயிலில் வந்து இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறிய ஊர் அது. 1964 டிசம்பர் புயல் ஊரையும் ரயிலையும் கொண்டுபோயிற்று. ‘வாழத் தகுதியற்றது’ என்றது அரசு. அதன் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு, மணலைத் தோண்டி ஊறும் நல்ல தண்ணீரை மொண்டு குடித்து வாழ்கின்றன. 2017இல் அரிச்சல்முனைவரை சாலை வந்தது. வருகிறவர்கள் இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்கிறார்கள். குடிசை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நானும் அதையே செய்தேன். சங்கு, பாசி விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், “அக்கா, கொஞ்சம் தள்ளி நிக்கியளா, ஒரு படம் எடுத்துக்கிடுதேன்” என்றேன். “எங்கிட்டுத் தம்பி தள்ளுறது? இது எங்க வீட்டு வாசல்” என்றார்.

எம்.ஏ. வகுப்பில் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். நம்பியகப்பொருளின் 14 கருப்பொருள்களில் உயர்ந்தோரும் அல்லோரும் புள், விலங்கு, மரத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சுற்றுலாப் பயணியின் பார்வையும் இதுதானே? இரக்கமும் ஏக்கமும் வந்தவனுக்கு, குடியிருப்பவர் பின்னணி.

ஆனால் பிரதி இவ்வளவு பணிவானதல்ல. நற்றிணை 45இல் தேருடைய செல்வனின் மகனை, மீன்நாற்றம் வீசும் எங்களிடம் உனக்கென்ன வேலை, விலகி நில் என்கிறாள் தோழி. அதை நாம் ‘சேட்படுத்தல்’ என்ற துறைக்குள் அடைத்து அதன் கோபத்தை அடக்கிவிட்டோம்.

நாஞ்சில் நாட்டு வயல்கார ஊர் எங்களுடையது. கடல் கூப்பிடு தூரம்தான். மீன் வாங்குவோம், அவர்கள் ஊருக்குள் போகமாட்டோம். 2004 சுனாமிக்குப் பிறகுதான் மணக்குடியும் கொட்டில்பாடும் எங்களில் பலருக்கு மனிதர் வாழும் ஊர்களாயின.

தோழர்களே, ‘ஆளில்லை’ என்பது வர்ணனை அல்ல, தீர்ப்பு. அரசு கோப்பில் எழுதியதை நாம் கவிதையில் எழுதுகிறோம். நாளை அந்த மணலைக் கேட்டு ஒரு விடுதிக்காரன் வந்தால், அவனுக்குச் சாட்சி சொல்ல நம் கவிதைகளே போதும்.